வேலூரிலிருந்து ஸ்பிதி வரை: உயர்மலைத் தடத்தில் மவுண்டன் பைக் ஓட்ட முழுமையான வழிகாட்டி

வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் சைக்கிள் ஓட்டும் தடங்கள் 4,400 மீட்டரில் ஓடுகின்றன. புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கால் வலுவிலோ சைக்கிளின் விலையிலோ அல்ல, வேலைகளைச் செய்யும் வரிசையில்தான். முதலில் புது சைக்கிள், அப்புறம் டிக்கெட், கடைசியில் லீவு என்று போகிறவர்கள் உடம்பு பழக வேண்டிய நாட்களைத் தியாகம் செய்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

இந்த வழிகாட்டி காசா ஊரைத் தளமாக வைத்து, லாங்சா, கோமிக், ஹிக்கிம் கிராமங்களை இணைக்கும் ஜீப் பாதைகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் ஓட்டுவதற்கானது. லடாக்கிற்கும் இதே முறை பொருந்தும், உயரக் கணக்கு மட்டும் மாறும்.

1. முதலில் 18 நாட்களை ஒதுக்குங்கள்

காட்பாடியிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போக, வர ஐந்து நாள் போய்விடும். டெல்லியிலிருந்து சிம்லா வழியாக கல்பா போக இரண்டு நாள். வழியில் பழகுவதற்கும் காசா சேர்வதற்கும் நான்கு நாள். காசாவில் ஓய்வு, சின்ன ஓட்டம், பெரிய ஓட்டம், கூடுதலாக ஒரு நாள் என்று நான்கு நாள். காசாவிலிருந்து டெல்லிக்கு இறங்க மூன்று நாள். கூட்டினால் 18.

பத்து நாள் லீவு மட்டும் கிடைக்கிறது என்றால் ஸ்பிதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, 2,000 முதல் 2,600 மீட்டர் வரை உள்ள நீலகிரியில் ஓட்டலாம். நாளைக் குறைத்து உயரத்துக்குப் போவது மட்டும் வேண்டாம். குறைக்கப்படுவது எப்போதும் பழகும் நாட்கள்தான், ரயில் நாட்கள் அல்ல.

2. மாதம்

செப்டம்பர். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி என்றாலும், அங்கே போகும் கின்னௌர் சாலையில் ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு அடிக்கடி ஏற்படும். ஜூன் பாதி வரை மேல்தடங்களில் பனி கிடக்கலாம். அக்டோபரில் இரவுக் குளிர் கடுமையாகிவிடும். செப்டம்பரில் பகல் வெயிலும் நன்றாக இருக்கும், ஓடைகளில் தண்ணீரும் குறைந்திருக்கும்.

இன்னொரு வசதி: செப்டம்பர் பயணத்துக்கு ஜூன் மாதமே பயிற்சியை ஆரம்பித்துவிடலாம். அக்னி நட்சத்திரம் அதற்குள் முடிந்திருக்கும்.

3. சைக்கிள்: எது தேவை, எது தேவையில்லை

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். 29 இன்ச் சக்கரம், 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும் ஃபோர்க், 2.25 இன்ச்சுக்குக் குறையாத டயர். பின் சஸ்பென்ஷன் இருந்தால் இறக்கத்தில் சுகம்தான். ஆனால் எடை கூடும், கெட்டுப்போகும் பாகமும் கூடும். காசாவில் ஷாக் சர்வீஸ் செய்ய ஆள் கிடைக்க மாட்டார்.

அதிகம் யோசிக்க வேண்டியது கியரைத்தான். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்பின் உச்சத்திறன் ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. 4,500 மீட்டரில் உங்களிடம் மிஞ்சுவது சுமார் 70 சதவீதம். ஏலகிரியில் 32 பல் செயின் ரிங்கை (பெடலோடு சுழலும் முன் பல்சக்கரம்) வைத்து வசதியாக ஏறுகிறவருக்கு அங்கே 30 அல்லது 28 பல் தேவைப்படும். பின் கேசட்டின் பெரிய பல்சக்கரம் 50 அல்லது 51 பல்லாக இருக்கட்டும். செயின் ரிங்கை மாற்றுவது சின்ன செலவு. சைக்கிளில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

செயின் தேய்மானத்தை அளவுகோல் வைத்துப் பாருங்கள். 12 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். புது செயினைப் புறப்படும் வாரத்தில் போடாதீர்கள். பழைய கேசட்டில் புது செயின் வழுக்குகிறதா என்பது நாலு ஏற்றம் ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

4. டயரும் பிரேக்கும் வேலூரிலேயே முடிய வேண்டும்

வேலூர் சுற்றுவட்டாரத்தில் வேலிகாத்தான் முள்ளும் நெருஞ்சியும் இருக்கிற வரை ட்யூப்லெஸ் இல்லாமல் பயிற்சியே நடக்காது. ஸ்பிதியில் முள் குறைவு, கூர்மையான சில்லுக்கல் அதிகம். குறைந்த காற்றில் ஓட்டும்போது ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும். ட்யூப்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு டயருக்கு சுமார் 100 மில்லி சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம்மூர் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். ஜூனில் ஊற்றியதை நம்பி செப்டம்பரில் போகக் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் பழசை உரித்தெடுத்துப் புதிதாக ஊற்றி, இரண்டு முறை ஓட்டி, விளிம்பு கசிகிறதா என்று பாருங்கள்.

பிரேக் கட்டாயம் ஹைட்ராலிக் டிஸ்க். முன்னால் 180, பின்னால் 160 மில்லிமீட்டர் ரோட்டர் (பிரேக் தட்டு) போதும். ரெசின் பேட் போட்டிருந்தால் கழற்றிவிட்டு மெட்டல் பேட் போடுங்கள். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் ரோட்டர் ஆறுவதும் மெதுவாகத்தான் நடக்கும். ரெசின் பேட் சூட்டில் சீக்கிரம் பிடிப்பை இழக்கும்.

புது பேடை ரோட்டரோடு பழக்க வேண்டும். சமதளத்தில் 20, 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், நடை வேகம் வரும் வரை சீராகப் பிடியுங்கள். முழுவதும் நிற்க விடாதீர்கள். இதை இருபது முறை செய்தால் பிடிப்பு வந்துவிடும். இதைச் செய்யாமல் மலைக்குப் போய், பிரேக் கத்துகிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய.

பிரேக்கில் காற்றுக் குமிழி இருந்தால் உயரத்தில் அது பெருக்கும், லீவர் மெத்தென்று உள்ளே போகும். புறப்படும் முன் கடையில் ப்ளீட் செய்துவிடுங்கள், அதாவது எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்றிவிடுங்கள். மினரல் ஆயில் பிரேக்கா, டாட் ஆயில் பிரேக்கா என்று மூடியைப் பார்த்துச் சொல்லிக் கொடுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் ஊதிப் போய் பிரேக் மொத்தமும் வீண்.

5. பயிற்சி: பத்து வாரம், நாலு இடம்

வேலூரில் இருந்துகொண்டு நுரையீரலை உயரத்துக்குத் தயார் செய்ய முடியாது. அது உயரத்தில் மட்டும்தான் நடக்கும். இங்கே செய்ய முடிந்தவை மூன்று: நீண்ட நேரம் மெதுவாக ஏறப் பழகுவது, உதிரி மண்ணில் கைப்பழக்கம், அடுத்தடுத்த நாள் ஓட்டும் உடல். அதற்கான இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

*ஏரிக்கரை.* ஒற்றையடிப் பாதைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு, நடுவே சைக்கிள் போகும் அகலம். முன் சக்கரத்தைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் பார்த்து ஓட்டப் பழகுங்கள். கண் எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்குவீர்கள். மழை பெய்து கரை ஊறியிருக்கும்போது போகாதீர்கள். சக்கரத் தடம் கரையை அறுக்கும், ஊர்க்காரர் திட்டுவதும் நியாயம்தான்.

*பாலாற்று மணல்.* தண்ணீர் ஓடாத மாதங்களில் ஓரமாக இறங்குங்கள். ஸ்பிதியில் தடத்தின் குறுக்கே சரிந்து கிடக்கும் பொடிக்கல்லும் இப்படித்தான் சக்கரத்தை விழுங்கும். மணலுக்குள் நுழையும் முன்பே ஒரு கியர் கனமாக மாற்றிக்கொண்டு, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, விடாமல் மிதிக்க வேண்டும். புதியவர்கள் செய்வது நேர் எதிர்: பயந்து இறுக்கிப் பிடித்து, முன் சக்கரத்தைத் திருப்பி, மிதிப்பதை நிறுத்துவது. மூன்றும் சேர்ந்தால் விழுவது உறுதி.

*ஏலகிரி.* பொன்னேரியிலிருந்து மேலே போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸும் சுற்றுலா கார்களும் கிளம்பும் முன், வார நாளில் விடியற்காலை ஏறுங்கள். இங்கே வேகம் பழகக் கூடாது, மெதுவைப் பழக வேண்டும். வளைவுகளில் வைத்திருக்கும் பெயர்ப்பலகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டு ஏற முடிந்தால் அளவு சரி. பாதிப் பெயரில் மூச்சு அறுந்தால் கியரை இறக்குங்கள். மூச்சு முட்டாத இந்த அளவை உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே போனபின் வேகமானியோ கைக்கடிகாரமோ சொல்லும் எண் எதுவும் உதவாது, மூச்சு ஒன்றுதான் அளவு.

வாரம் ஒரு நாள் ஒரு முறை ஏறுவதில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். வெறும் வயிற்றில் போகாதீர்கள், ஆம்பூர் பிரியாணியை இறங்கியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

*ஜவ்வாது மலை.* ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய் அங்கே தங்கி, மறுநாள் போளூர் பக்கம் இறங்குவது நல்ல இரண்டு நாள் ஓட்டம். களைத்த காலோடு மறுநாள் காலையில் மறுபடி சீட்டில் உட்காருவதற்கு உடம்பும் மனசும் இங்கே பழகும். எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் செய்யுங்கள். மலையில் சாலையை விட்டுக் காட்டுக்குள் போகும் பாதைகள் பல இடங்களில் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதோடு, கரடி நடமாட்டம் உள்ள மலை அது, விடியலிலும் அந்தியிலும் தனியாகக் காட்டுப்பாதையில் போகக் கூடாது.

பத்தாவது வாரம் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள். கடைசி வாரத்தில் பயந்துபோய் கூடுதலாக ஓட்டுகிறவர்கள் களைப்பை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

6. மருத்துவரிடம் ஒரு நடை

வேலூரில் மருத்துவருக்குப் பஞ்சமில்லை, சாக்கு சொல்ல முடியாது. ரத்த அழுத்தம், இதயம், ரத்தசோகை, ஆஸ்துமா பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேளுங்கள். உயர நோயைத் தடுக்கப் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது காலை 125 மில்லிகிராம், மாலை 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விரல் நுனி மரமரப்பதும், அடிக்கடி சிறுநீர் போவதும் இந்த மாத்திரையின் வழக்கமான பக்க விளைவுகள். ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்ப்பது நல்லதா என்று மருத்துவரையே கேட்டுவிடுங்கள். மாத்திரை பழகும் நாட்களுக்குப் பதில் அல்ல, துணை மட்டும்தான்.

7. பெட்டி கட்டுவது

சைக்கிள் கடையில் சொல்லி வைத்தால் புது சைக்கிள் வந்த அட்டைப்பெட்டி கிடைக்கும். கட்டும் வரிசை இது:

பெடல்களை முதலில் கழற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும், தெரியாமல் முறுக்கினால் இன்னும் இறுகும். அடுத்து இரண்டு சக்கரங்கள். சக்கரம் எடுத்த உடனே பிரேக் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தகடு செருகுங்கள். இதை மறந்தால், வழியில் யாராவது லீவரை அழுத்தினாலே பிஸ்டன் வெளியே வந்துவிடும், அப்புறம் ரோட்டர் உள்ளே போகாது. ரோட்டர்களைக் கழற்றி இரண்டு அட்டைக்கு நடுவே வையுங்கள். பின் கியர் மாற்றியை (டீரெய்லர்) கழற்றி, குமிழி உறையில் சுற்றி, ஃப்ரேமின் உள்பக்கம் கட்டுங்கள். பயணத்தில் முதலில் வளைவது அது மாட்டியிருக்கும் ஹேங்கர்தான். உங்கள் ஃப்ரேமுக்கே உரிய மாற்று ஹேங்கர் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு கம்பெனி ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

காட்பாடி வழியாகப் போகும் கேரளா எக்ஸ்பிரஸ் நேராக டெல்லி போகிறது. பெட்டியைப் பார்சல் ஆபீசில் பயண டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். வண்டி வரும் நேரத்துக்குப் போய் நின்றால் ஏற்ற மாட்டார்கள், சில மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெட்டியின் நாலு பக்கமும் பெயர், பி.என்.ஆர். எண், இறங்கும் ஸ்டேஷன் எழுதுங்கள். கருவிகள், ஷாக் பம்ப், ஆக்ஸில் போன்றவை உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

8. ஏறும் வழி: மணாலி வேண்டாம், கின்னௌர் வழி

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மணாலி சுமார் 2,050 மீட்டர். அடல் சுரங்கம் 2020ல் திறந்தபின், அங்கே காலையில் கிளம்பி குன்சும் கணவாய் தாண்டி அன்றே காசா போய்விடலாம். காசா சுமார் 3,700 மீட்டர். முந்தின இரவு படுத்த இடத்துக்கும் இந்த இரவு படுக்கும் இடத்துக்கும் 1,600 மீட்டருக்கு மேல் வித்தியாசம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. மணாலி வழி அதை முதல் நாளே உடைக்கிறது.

கின்னௌர் வழி இப்படிப் போகும்: சிம்லா (2,200 மீட்டர்), கல்பா (2,960), தாபோ (3,280), காசா (3,700). கல்பாவில் இரண்டு இரவு, தாபோவில் இரண்டு இரவு. வழியில் நாக்கோ கிராமம் 3,600 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் வரும், அதைக் கடந்து தாபோவில் இறங்கிப் படுப்பது உடம்புக்கு நல்லது. உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் தூங்குவதுதான் பழகும் முறை.

ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு அரசு பஸ் இருக்கிறது. பெட்டி கூரைமேல் போகும். கீழே பழைய போர்வை விரித்து, இரண்டு இடத்தில் கயிறு போட்டு நீங்களே கட்டுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும்.

9. காசாவில் முதல் வேலை: காற்றை மறுபடி அளப்பது

வேலூரில் டயரில் 22 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துக் கட்டினீர்கள் என்று வையுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் வேலூரில் சுமார் 14.3 பி.எஸ்.ஐ., 4,400 மீட்டரில் சுமார் 8.5. வெளியிலிருந்து அழுத்துவது குறைந்ததால், உள்ளே அதே காற்று இருந்தும் மானியில் கிட்டத்தட்ட 28 காட்டும். குளிர் அதைக் கொஞ்சம் குறைத்து 25 பக்கம் கொண்டுவரும். காலையில் ஒரு எண், வெயில் ஏறியபின் ஒரு எண். பொடிக்கல்லில் இந்த மூன்று நாலு பி.எஸ்.ஐ. தான் பிடிப்புக்கும் வழுக்கலுக்கும் வித்தியாசம்.

அதனால் ஊர் அளவை நம்பாமல், ஓட்டத்துக்கு முன்னும், முதல் ஏற்றத்தின் உச்சியிலும் மானி வைத்துப் பாருங்கள். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 20 முதல் 22, பின்னால் 22 முதல் 25 நல்ல ஆரம்பம். காற்று அடிக்கவும் அங்கே அதிக நேரம் ஆகும். பம்ப்பின் ஒவ்வொரு அடியிலும் உள்ளே போகும் காற்று நம்மூரில் போவதில் அறுபது சதவீதம்தான்.

ஃபோர்க்கில் இன்னொரு சங்கதி. கீழ்க்கால்களில் சீலுக்கு உள்ளே சிக்கிய காற்றும் இதே போலப் பெருத்து, ஃபோர்க் கடைசி வரை அமுங்காமல் கடினமாகிவிடும். சில ஃபோர்க்குகளில் காலின் பின்புறம் காற்றுவிடும் பொத்தான் உண்டு, அழுத்தினால் 'புஸ்' என்று போகும். அது இல்லாதவர்கள் ஒரு மெல்லிய ஜிப் டையின் முனையை உரசி மழுக்கி, தூசி சீலின் ஓரமாக மெதுவாக நுழைத்து எடுத்தால் காற்று வெளியேறும். ஸ்க்ரூடிரைவரை நுழைக்காதீர்கள். சீல் கிழிந்தால் எண்ணெய் கசிந்து பிரேக்கில் விழும்.

சொல்லப்பட்ட இறுக்க அளவோடு (டார்க்) எல்லா போல்ட்டும் இறுக்கி, ஊருக்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கையும் கியரையும் சரிபாருங்கள். அன்று அவ்வளவுதான்.

10. தலைவலி விதி

பெரிய ஓட்டத்துக்கு முன் நாட்கள் இப்படி: காசா சேர்ந்த மறுநாள் நடை மட்டும். அதற்கடுத்த நாள் கீ மடாலயம் வரை, சுமார் 4,100 மீட்டர் உயரம், மெதுவாகப் போய்த் திரும்புவது. அதுவும் சரியாக இருந்தால் மூன்றாம் நாள் லாங்சா, கோமிக்.

ஒவ்வொரு காலையும் நாலு கேள்வி: தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, காரணமில்லாத அசதி. தலைவலியோடு மற்ற மூன்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்று ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்க வேண்டும்.

இந்த இரண்டு அறிகுறிகளில் எது வந்தாலும் காத்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையீரலில் நீர் கோர்ப்பதன் அடையாளம். நேர்க்கோட்டில் குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, மூளை வீங்குவதன் அடையாளம். இரவானாலும் கீழே இறக்க வேண்டும். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது. இரவில் மூச்சை இன்னும் அடக்கும். 'நான் ஃபிட்டா இருக்கேன், எனக்கு வராது' என்பது அங்கே அதிகம் கேட்கும் வசனம். உடல்வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமில்லை. வலுவானவர் வேகமாக ஏறிவிடுவார், அதனால் முதலில் படுப்பதும் அவராக இருக்கலாம்.

11. பையில்

மூன்று லிட்டர் தண்ணீர். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வரும் அளவுக்குத் தின்பண்டம்: கடலை மிட்டாய், பேரீச்சை, பிஸ்கெட். உயரத்தில் பசி செத்துவிடும். பசிக்காகக் காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாய் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றும் மழையும் தாங்கும் ஜாக்கெட், ஒரு கம்பளி உடை, முழுவிரல் கையுறை, கருப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள் சன்ஸ்கிரீனைச் சிரித்துத் தள்ளுவார்கள். 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்குப் புற ஊதாக் கதிர் கூடுகிறது. குளிர்ந்த காற்றில் சூடே தெரியாமல் உதடும் மூக்கும் வெடிக்கும்.

கருவிப் பையில்: பம்ப், ட்யூப்லெஸ் பிளக், ஒரு ட்யூப், குயிக் லிங்க், செயின் கட்டர், ஹேங்கர், ஒரு ஜோடி பேட், வால்வு கோர், ஆலன் கீ. போனில் ஆஃப்லைன் வரைபடம். ஏ.டி.எம்.மை நம்பாமல் கையில் ரொக்கம்.

12. ஏற்றம்

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். முதல் அரை மணி நேரம் அவமானமாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாக. சீட்டின் முன் நுனியில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்கள். பின்னால் உட்கார்ந்தால் முன் சக்கரம் தூக்கும், எழுந்து நின்றால் பின் சக்கரம் சுழலும்.

கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றுங்கள். ஏற்றத்தின் நடுவில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறும். மூச்சு எல்லை தாண்டினால் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அங்கே ஒரு முறை மூச்சைக் கடன் வாங்கினால் திருப்பிக் கட்ட ஐந்து நிமிஷம் ஆகும். பேச முடியாத அளவுக்குப் போவதைவிட நடந்து போவது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

கொண்டை ஊசி வளைவில் வெளிவட்டமாகப் போய், கண்ணை வளைவின் வெளியேறும் பக்கம் வைத்து, பாதி பிரேக்கும் மெல்லிய மிதியும் சேர்த்துத் திரும்புங்கள். பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே மிதித்தால் சமநிலை கிடைக்கும்.

13. இறக்கம்

களைத்து, ஆக்ஸிஜன் குறைந்த மூளையோடுதான் இறங்கப் போகிறீர்கள். உச்சியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டு, ஜாக்கெட் போட்டபின் கிளம்புங்கள். விழுபவர்கள் பெரும்பாலும் முதல் அரை கிலோமீட்டரில் விழுகிறார்கள், விரல் விறைத்து பிரேக் பிடி தெரியாமல்.

சீட்டைத் தாழ்த்துங்கள். இரண்டு பெடலும் கிடைமட்டத்தில், குதிகால் தாழ்ந்து, முழங்கால் முழங்கை தளர்ந்து இருக்கட்டும். ஒரு விரலால் பிரேக், மற்ற மூன்றும் பிடியில். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பொடிக்கல்லில் திரும்பிக்கொண்டே முன் பிரேக் பிடித்தால் சக்கரம் கீழே போய்விடும், திருத்த நேரம் கிடைக்காது.

தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்திப் பிடித்து விடுவது, மறுபடி பிடித்து விடுவது. பேட் ஆறுவதற்கு அந்த இடைவெளிதான் நேரம். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனால் நின்று ஆறவிடுங்கள். ரோட்டரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

14. ஓடை, காற்று, ஆட்கள்

பனி உருகி வரும் ஓடையில் காலையில் தண்ணீர் குறைவு, பிற்பகலில் பெருகும். காலையில் கணுக்கால் அளவில் தாண்டியதை மாலையில் முழங்கால் அளவில் தாண்ட வேண்டியிருக்கும். கடக்க வேண்டியவற்றை மதியத்துக்கு முன் கடந்துவிடும்படி தடத்தைத் திட்டமிடுங்கள். முழங்காலைத் தாண்டினால் ஓட்ட முயலாமல், சைக்கிளை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு நடந்து கடக்க வேண்டும். மேல்பக்கம் இருந்தால் வெள்ளம் அதை உங்கள்மேல் தள்ளும்.

பிற்பகல் காற்று பள்ளத்தாக்கு முழுக்கப் பலமாக வீசும். இரண்டு மணிக்குள் காசா திரும்புவது நல்லது.

நடந்து வருகிறவர்களுக்கும் யாக், ஆட்டு மந்தைக்கும் வழிவிட்டு, தடத்தின் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். யாக் மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, இடைவெளி கொடுங்கள். பார்லிப் பயிர் நிற்கும் வயல்வரப்பில் சைக்கிள் ஏற்றாதீர்கள்.

15. திரும்பக் கட்டும்போது

மாவு போன்ற மலைத்தூசி செயினிலும் ஹெட்செட்டிலும் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) புகுந்திருக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டபின் பெட்டியில் வையுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் தூசி சேறாகி உள்ளே போகும்.

காசாவில் 20 பி.எஸ்.ஐ. வைத்த டயர் காட்பாடிக்கு வரும்போது மானியில் பதினைந்து பக்கம் இறங்கியிருக்கும். அதோடு பெட்டி கசங்கினால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று, சீலண்ட் பெட்டிக்குள் கொட்டும். கட்டும் முன் இரண்டு டயரிலும் 30 வரை அடித்து வையுங்கள்.